முன் அறைக்கு இருபத்தொரு டிகிரி

ஜனவரி 9, வெள்ளி

எழுத்து வகுப்பில் கமலினி ரீச்சர் இந்தக் கொப்பியைத் தந்தார். ஒவ்வொரு நாளும் தேதி போட்டு ஒரு வரியாவது எழுத வேண்டுமாம். என் பெயர் மார்க்கண்டு. வயது எழுபத்தாறு. எழுதத் தெரிந்து நாலு மாதம். "ஜ" எழுதக் கை வலிக்கிறது. இந்த மாதம் முழுக்க அதை எழுத வேண்டும். சந்தோஷம்.

ஜனவரி 10, சனி

நேற்று எழுதியதை இன்று வாசித்துப் பார்த்தேன். நான் எழுதியபடியே இருந்தது. ஒரு எழுத்தும் ஓடிப்போகவில்லை.

நான் புதன்கிழமைகளில் வகுப்புக்குப் போவது வீட்டில் யாருக்கும் தெரியாது. சீட்டு விளையாடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறேன். என் மனைவி பூரணம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவள் முன்னால் ஒரு பேப்பரை விரித்து வாசிக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வருடமாக எங்களுக்கு வந்த கடிதம் எல்லாவற்றையும் அவள்தான் எனக்கு வாசித்தாள். அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நான் எட்டு வயதில் அடுத்தவன் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற நின்றவன். இதை எழுத ஒரு மணி நேரம் ஆனது.

ஜனவரி 11, ஞாயிறு

பனி கொட்டுகிறது. விரல் விறைத்துவிட்டது. இன்று இவ்வளவுதான்.

ஜனவரி 12, திங்கள்

இன்று எழுத நிறைய இருக்கிறது.

ஹெதர் என்ற நேர்ஸ் வீடு பார்க்க வந்தாள். மகள் சாந்தினி வேலைக்குப் போகாமல் நின்று அவள் சொன்னதைத் தமிழில் சொன்னாள். வெள்ளிக்கிழமை பூரணத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாமாம். மாடிப்படி ஏற முடியாது என்பதால் கீழே முன் அறையில் கட்டில் போடுவார்கள். பட்டனை அழுத்தினால் தலைமாடு எழும்பும் கட்டில். மூச்சுக்கு ஒரு மெஷினும் வரும். இனி ஊசி இல்லை, ஸ்கான் இல்லை, ரத்தம் எடுப்பது இல்லை. நல்லது. அவளுக்கு ஊசி என்றால் பயம்.

ஆனால் முன் அறைக்குள் போன ஹெதர் கோட்டைக் கழற்றவில்லை. சுவரில் ஒரு அட்டையை ஒட்டினாள். சூடு எவ்வளவு என்று அது காட்டும். பன்னிரண்டு காட்டியது.

"இருபத்தொண்டு வேணுமாம் அப்பா," என்றாள் சாந்தினி. "வெள்ளி காலமை பத்து மணிக்கு வந்து பாப்பாவாம். இல்லையெண்டா அம்மாவை வேறை ஒரு இடத்திலை விடுவினமாம். ரெண்டு மணித்தியாலக் கார் ஓட்டம்."

"கரண்ட் ஹீற்றர் ஒண்டு வாங்கி வைப்பம்."

"மூச்சு மெஷின் நிக்கிற அறையிலை அது கூடாதாம். நெருப்புப் பிடிச்சிடுமாம்."

இந்த நாட்டில் வீட்டைச் சூடாக்குவது தண்ணீர்தான். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் பொயிலர் இருக்கிறது. அது சுடவைக்கும் தண்ணீர் குழாய் வழியே ஒவ்வொரு அறைக்கும் ஓடும். சுவரோடு நிற்கும் தகர ஹீற்றருக்குள் புகுந்து சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும். எல்லா அறையும் சுடுகிறது. முன் அறை ஹீற்றர் மட்டும் இந்தக் குளிர்காலம் முழுக்கப் பச்சைத் தண்ணியாகக் கிடக்கிறது. அங்கே யாரும் இருப்பதில்லை, அதனால் நாங்களும் விட்டுவிட்டோம். வீட்டை வாடகைக்குத் தந்தவன் பொயிலர் திருத்த வைத்திருக்கும் கொம்பனிக்குச் சாந்தினி போன் எடுத்தாள். பனியில் ஊரெல்லாம் பொயிலர் நின்றுவிட்டதாம். பத்தொன்பதாம் தேதிதான் ஆள் வருவானாம். மூன்று தரம் கெஞ்சினாள். மூன்று தரமும் பத்தொன்பது.

பூரணம் போன கிழமை என் கையைப் பிடித்து, "என்னை வீட்டை கொண்டுபோங்கோ, இஞ்சை ஒருத்தற்றை முகமும் எனக்குத் தெரியாது," என்று சொன்னாள். நான் ஓம் என்றேன்.

ஹெதர் இரண்டு தாள் விட்டுப் போனாள். ஒன்று இங்கிலீஷ், ஒன்று தமிழ். தமிழ்த் தாளைச் சாந்தினி குளிர்ப்பெட்டிக்கு மேல் இருந்த காலைச் சாப்பாட்டுப் பாணுக்கு அடியில் வைத்தாள்.

"அது ஆஸ்பத்திரிப் பேப்பர் அப்பா. உங்களுக்கு என்னத்துக்கு. அம்மா வீட்டை வந்து வாய்க்கு ருசியாச் சாப்பிட்டா எழும்பிடுவா."

ஜனவரி 13, செவ்வாய்

காலையில் கட்டில் வந்தது. இரண்டு பேர் பூட்டிவிட்டுப் போனார்கள். சாந்தினி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நான் பாணைத் தூக்கி அந்தத் தாளை எடுத்தேன். மேலே பெரிய எழுத்தில் நாலு சொல். முதல் சொல்லுக்கே கால் மணி நேரம் பிடித்தது. அந்தச் சொல்லை ரீச்சர் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. எழுத்துக் கூட்டினேன், வந்தது. நாலு சொல்லையும் வாசித்துவிட்டேன். அவற்றை இங்கே எழுதவில்லை. இரண்டாம் பக்கத்தில் அறை சூடாக இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. அது பயனுள்ளது.

தாளைத் திரும்பப் பாணுக்கு அடியில் வைத்தேன்.

பிறகு வேலையில் இறங்கினேன். குசினி ஆணியில் ஒரு சின்னப் பித்தளைச் சாவி தொங்குகிறது. போன வருடம் வந்த கொம்பனிக்காரன் அதை ஹீற்றரின் மேல் மூலையில் போட்டுத் திருகியதைப் பார்த்திருக்கிறேன். காற்று சீறி வந்தது, பிறகு மூடினான். நானும் முன் அறையில் திருகினேன். காற்று வரவில்லை. கறுப்பாகத் தண்ணீர் வந்தது. மை மாதிரி.

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. கலங்கல் என்றால் எனக்குத் தெரிந்த விஷயம். கிணறு கலங்கினால் இறைத்துவிட வேண்டும். பழையது போனால் ஊற்று புதிதாகச் சுரக்கும், தண்ணீர் தெளியும். வாளியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். ஒரு வாளி போனது. இரண்டாவது வாளி அரைவாசி வந்தபோது தண்ணீர் நூலாகி நின்றுவிட்டது. தெளியவே இல்லை.

குசினியில் ஒரு சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பொயிலரில் சிவப்பு வெளிச்சம் மின்னி மின்னி எரிகிறது. நெருப்பு இல்லை. ஓடிப்போய் ஒவ்வொரு ஹீற்றராகத் தொட்டேன். எல்லாம் ஆறிக்கொண்டிருந்தன.

வாளித் தண்ணீரைப் பின்வளவில் ஊற்றினேன். வெள்ளைப் பனியில் கறுப்பாக ஒரு வட்டம்.

சாந்தினி மூன்று மணிக்கு வந்தாள். "என்னப்பா வீடு ஐஸ் மாதிரிக் கிடக்கு?"

"தெரியேல்லைப் பிள்ளை. தானாய் நிண்டிட்டுது."

கொம்பனிக்குப் போன் எடுத்தாள். பத்தொன்பது. கோட்டோடு மாடிப்படியில் குந்தி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அட்டை இப்போது எட்டு காட்டுகிறது.

ஜனவரி 14, புதன்

வகுப்புக்குப் போனேன். எழுத மனம் வரவில்லை. பக்கத்து மேசை அந்தோனிப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தான். அவனும் என்னோடு எழுத்துப் படிப்பவன்தான். இருபது வருடம் கப்பலில் மெஷின் அறையில் எண்ணெய் போட்டவன். பேரைக் கையெழுத்துப் போடாமலே உலகம் சுற்றியவன். விஷயத்தைச் சொன்னேன், வாளியைத் தவிர. என்னோடு பஸ் ஏறி வந்துவிட்டான்.

வந்தவன் குசினி யன்னலால் எட்டிப் பார்த்தான்.

"பின்வளவிலை உது என்னடா கறுப்பு?"

"தண்ணி."

"எந்தத் தண்ணி?"

"ஹீற்றர் தண்ணி. ஊத்தையாய் இருந்துது. இறைச்சு விட்டனான்."

"இறைச்சனியோ?" கதிரையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "டேய் மார்க்கண்டு, உது என்ன தோட்டத்துக் கிணறே? உதுக்கை ஊத்துக்கண் எங்கையடா இருக்கு? இருக்கிற தண்ணிதான் சுத்திச் சுத்தி ஓடுறது. நீ அதை வெளியிலை எடுத்தா உள்ளுக்கை என்ன இருக்கும், உன்ரை மண்டைதான் இருக்கும்!"

"புதுசு ஊறும் எண்டு நினைச்சன்."

"கப்பல்லை உதைச் செய்திருந்தா உன்னைத் தூக்கிக் கடலுக்கை போட்டிருப்பாங்கள். மகளுக்குச் சொன்னனியே?"

"இல்லை."

"சொல்லாதை. கொல்லுவாள்."

பொயிலருக்குக் கீழே குனிந்தான். முழங்கால் இரண்டும் முறிந்ததுபோல் சத்தம் போட்டன. பொயிலரின் முகத்தில் மணிக்கூடு மாதிரி ஒரு வட்டம் இருக்கிறது. முள்ளு பூச்சியத்தில் கிடந்தது. கீழே வெள்ளிக் கம்பியால் பின்னிய ஒரு சின்னக் குழாய், இரண்டு பக்கமும் ஒவ்வொரு திருகு. இரண்டையும் மெல்லத் திறந்தான். சுவருக்குள் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. முள்ளு ஒன்றைத் தாண்டி ஒன்றரைக்கு வந்தது. மூடினான். சிவப்பு வெளிச்சம் போய்விட்டது. பட்டனை அழுத்தினான். உள்ளே நீல நெருப்பு பற்றியது. அவன் சிலுவை போட்டான். நானும் கும்பிட்டேன்.

பத்து நிமிடத்தில் குசினி சுட்டது. மேலே இரண்டு அறையும் சுட்டன. முன் அறைக்குப் போனோம். ஹீற்றரில் கை வைத்தேன். பச்சைத் தண்ணி.

அரை மணி நேரம் நின்றோம். அந்தோனி குழாயைத் தட்டினான், காதை வைத்துக் கேட்டான். "பம்ப் கிழடு, உன்னைப்போலை. இவ்வளவு தூரம் தள்ள அதுக்கு ஏலாது. புதுசுதான் போடோணும்."

"வெள்ளிக்கு முதல்?"

அவன் நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

அட்டை பதின்மூன்று.

ஜனவரி 15, வியாழன்

இன்று தைப்பொங்கல். சாந்தினி காலையில் ஒரு சின்னப் பானையில் பொங்கிச் சாமிக்கு வைத்துவிட்டு அழுதழுது ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் அந்தத் தூர இடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டார்களாம். நாளை பத்து மணி வரை பொறுக்கச் சொல்லிக் கேட்பாள்.

நான் முன் அறையில் அந்தக் கட்டிலின் ஓரத்தில் இருந்தேன். வாயிலிருந்து புகை வந்தது. அழுதேன். இதையும் எழுதலாம்தானே.

அந்தோனி சொன்ன ஒரு சொல் மனதில் கிடந்தது: இவ்வளவு தூரம். இதுதான் கடைசி அறை. குசினிதான் முதல். முதலில் இருப்பவன் வயிறு முட்டக் குடித்தால் கடைசியில் இருப்பவனுக்கு என்ன கிடைக்கும்?

நான் தண்ணீர் மாறியவன். அந்தத் தோட்டம் எங்களுடையது அல்ல, அதை நினைத்து ஏங்க ஒன்றும் இல்லை. விடியற்காலையில் காலில் சேறும் முதுகில் ஏச்சும்தான். ஆனால் வாய்க்காலின் தொங்கலில் இருக்கும் கடைசிப் பாத்தி காய்ந்தால் யாருக்கு அடி விழும் என்று எனக்குத் தெரியும். அதற்குக் கிணற்றைக் குறை சொல்ல முடியாது. கிட்ட இருக்கும் பாத்திகளின் வாயைச் சேறு வைத்துச் சுருக்க வேண்டும். மூடக் கூடாது, சுருக்க வேண்டும். அப்போது தண்ணீர் தொங்கலுக்குப் போகும்.

ஒவ்வொரு ஹீற்றருக்கும் கீழே இரண்டு பக்கமும் குழாய். ஒரு பக்கம் எண் போட்ட திருகு. மறுபக்கம் ஒரு வெள்ளை மூடி, அதை யாரும் தொடுவதில்லை. மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு பித்தளைத் தண்டு. குறட்டால் பிடித்துத் திருப்பினேன், திரும்பியது. இதுதான் பாத்தியின் வாய்.

எது கிட்ட, எது தூரம் என்று தெரிய வேண்டும். பொயிலரை நிறுத்தி எல்லாம் ஆறும்வரை இருந்தேன். பிறகு போட்டுவிட்டுக் கையில் இந்தக் கொப்பியோடு ஒவ்வொரு அறையாக நடந்தேன். மாடிக்கு ஆறு தரம். சுட்ட ஒழுங்கில் எழுதினேன்.

குசினி
நடை
சாந்தினி அறை
குளியலறை
என் அறை
முன் அறை (சுடவில்லை)

முன்பு என்றால் மாடியிலிருந்து இறங்குவதற்குள் மறந்திருப்பேன். இன்று தாள் எனக்காக நினைவு வைத்திருந்தது.

குசினித் தண்டை முழுக்க மூடி, கால் சுற்றுத் திறந்தேன். நடைக்கும் கால். சாந்தினி அறைக்கு அரை. குளியலறைக்கு அரை. என் அறைக்கு முக்கால். முன் அறைக்கு முழுக்க. மாறிப்போகாமல் இருக்க ஒட்டும் கடதாசியைத் துண்டு துண்டாகக் கிழித்து, "கால்", "அரை", "முக்கால்" என்று எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டினேன். முன் அறையில் "முழுக்க" என்று ஒட்டினேன். நாலு எழுத்து. அதைக் கொஞ்சம் வடிவாக எழுதினேன்.

கீழே குந்தி முன் அறைக் குழாயைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு உள்ளங்கையில் இளஞ்சூடு. கையை எடுக்கவில்லை, எடுத்தால் போய்விடும்போல் இருந்தது. சுடச் சுடத்தான் எடுத்தேன். உள்ளங்கை சிவந்துவிட்டது. பேனா பிடிக்க எரிகிறது.

பதினான்கு. பதினாறு. இரண்டு மணிக்குப் பதினெட்டு. நாலு மணிக்கு இருபது. ஐந்து மணிக்கும் இருபது.

ஒன்று குறைகிறது.

பிறகு சேர்த்தது: சாந்தினி ஆறு மணிக்கு வந்தாள். நடையில் கோட்டைக் கழற்றியவள் ஹீற்றரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள்.

"அப்பா, உதை ஆர் ஒட்டினது?"

"நான்தான்."

"எழுதினது?"

"அதுவும் நான்தான்."

கோட்டைக் கையில் வைத்தபடி நின்றாள். திரும்பிக் குசினிக்குள் குளிர்ப்பெட்டியைப் பார்த்தாள். பாணைப் பார்த்தாள்.

"அப்ப அந்தப் பேப்பர்..."

"ஓம் பிள்ளை. செவ்வாய்க்கிழமை வாசிச்சனான்."

வந்து மாடிப்படியில் என் பக்கத்தில் இருந்தாள். "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"நீயும் எனக்குச் சொல்லேல்லைத்தானே."

பிறகு வாளிக் கதையையும் சொல்லிவிட்டேன். அதற்குத்தான் நன்றாக ஏசினாள். ஏசிவிட்டு என் தோளில் தலையை வைத்தாள். காலையில் பொங்கிய பொங்கலை இரண்டு பேரும் பானையிலிருந்தே அள்ளிச் சாப்பிட்டோம். பிறகு அவள் போர்வை ஒன்றை எடுத்து முன் அறை யன்னலுக்குத் திரையாகக் கட்டினாள். நான் குளியலறைத் தண்டை அரையிலிருந்து காலாக்கினேன்.

ஜனவரி 16, வெள்ளி

ஹெதர் பத்து மணிக்கு வந்தாள். முன் அறைக்குள் போனதும் கோட்டைக் கழற்றினாள்.

இருபத்தொன்று.

ஒரு மணிக்குப் பூரணம் வந்தாள். இரண்டு பேர் தூக்கினார்கள், ஒருவரே தூக்கியிருக்கலாம். கட்டிலில் வைத்ததும் கண்ணைத் திறந்து, "வீடு நல்ல சூடாய்க் கிடக்கு," என்றாள்.

ஜனவரி 17, சனி

அவள் கண் நேரே போய் நின்றது ஹீற்றரில் ஒட்டிய துண்டில்.

"ஆற்ரை கிறுக்கல் உது?"

"என்ரை."

"பொய் சொல்லாதேங்கோ."

கொப்பியைக் கொண்டுவந்து காட்டினேன். வாங்கிக் கொஞ்ச நேரம் நெஞ்சில் வைத்திருந்தாள். கண்ணாடி எடுத்துத் தரவா என்று கேட்டேன். "வேண்டாம். நீங்கள் வாசியுங்கோ," என்றாள்.

முதலிலிருந்து வாசித்தேன். மெதுவாகத்தான் வரும். அவளும் அவசரப்படுத்தவில்லை. வாளியில் தண்ணீர் தெளியுமென்று நான் கதிரையில் இருந்த இடத்தில் அவள் சிரித்து இருமினாள், சாந்தினி ஓடிவந்து மூச்சு மெஷினின் காற்றைக் கூட்டினாள். "கிணறெண்டு நினைச்சியளோ? என்ரை கடவுளே," என்றாள் பூரணம்.

வாசித்து முடித்தபின் கண்ணை மூடியபடி, "செவ்வாய்க்கிழமையிலை எதையோ விட்டிட்டியள்," என்றாள்.

"இல்லையே."

"வியாழக்கிழமையிலை 'அந்தப் பேப்பர்' எண்டு வாசிச்சியள். அந்தப் பேப்பர் எந்தப் பேப்பர் எண்டு எனக்குத் தெரியும். உங்கடை முகத்தையும் தெரியும். நானும் உங்களுக்குக் கடிதம் வாசிக்கேக்கை அப்பிடித்தான். கூடாத வரி வந்தா அடுத்த வரிக்குப் போயிடுவன்."

நான் திகைத்துப் போனேன். "எத்தினை தரம்?"

"அதை இப்ப ஏன்," என்றாள். என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

ஜனவரி 18, ஞாயிறு

அவள் சாப்பிடவில்லை. மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ. புழுங்குது. அந்த யன்னலைத் திறவுங்கோ."

"வெளியிலை பனி பூரணம்."

"பனியைப் பாக்கோணும். திறவுங்கோ."

போர்வையை அவிழ்த்து யன்னலைத் திறந்தேன். அட்டை இருபது, பத்தொன்பது, பதினேழு என்று இறங்கியது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். "உதைத் திருப்பி வையுங்கோ," என்றாள். திருப்பி வைத்தேன். ஹெதர் வந்தாள். மூட வேண்டாம், அவ கேட்கிறபடி செய்யுங்கள் என்றாளாம்.

ஜனவரி 19, திங்கள்

கொம்பனிக்காரன் வந்தான். எல்லா ஹீற்றரையும் தொட்டுப் பார்த்தான், ஒட்டிய துண்டுகளைப் பார்த்தான், யார் செய்தது என்று கேட்டான். சாந்தினி என்னைக் காட்டினாள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பிறகு முன் அறை யன்னலை மூடப் போனான். நான் "நோ" என்றேன். என் வாயிலிருந்து இவ்வளவு பலமாக இங்கிலீஷ் வந்தது இதுதான் முதல் தரம்.

ஜனவரி 21, புதன்

வகுப்புக்குப் போகவில்லை. கொப்பியை அவளுக்கு மறுபடி வாசித்தேன். இந்த முறை ஒரு வரியும் விடவில்லை. கேட்டாளோ தெரியாது. கை சூடாக இருந்தது.

ஜனவரி 22, வியாழன்

தேதி மட்டும்.

ஜனவரி 24, சனி

கட்டிலைத் திங்கட்கிழமை வந்து எடுத்துப் போவார்கள். மூச்சு மெஷினை நேற்றே கொண்டுபோய்விட்டார்கள். அந்தோனிப்பிள்ளையும் ரீச்சரும் வந்து இருந்துவிட்டுப் போனார்கள். அந்தோனி ஒரு பகிடியும் விடவில்லை.

காலையில் முன் அறைக்குப் போய் யன்னலை மூடினேன். பிறகு கீழே குந்தி ஹீற்றரின் வெள்ளை மூடியைக் கழற்றித் தண்டைத் திருப்பினேன். வலப்பக்கம், நின்றுவிடும்வரை. நாலு சுற்று. ஹீற்றர் ஆறும்வரை அதில் கை வைத்துக்கொண்டிருந்தேன். "முழுக்க" என்று ஒட்டியிருந்ததைக் கிழிக்கவில்லை.

ஒன்றை மூடினால் அதன் தண்ணீர் மற்றவற்றுக்குப் போகும். மேலே போய்த் தொட்டுப் பார்த்தேன். சாந்தினியின் அறை நன்றாகச் சுடுகிறது. பிள்ளை நித்திரை.